அடிச்சுக் களட்டுறது தொழில் இல்லை

“அடிச்சுப் பாப்பம், வராட்டி வெட்டுவம்.” யாழ்ப்பாணத்தில பழைய கார் வைச்சிருக்கிற ஆக்கள் இந்த வசனத்தைக் கேக்காமல் இருந்திருக்க மாட்டினம். சொல்லுறவர் ஒரு பெருமையோடதான் சொல்லுவார். நாங்களும் ‘பாஸ் விசயம் தெரிஞ்ச ஆள்’ எண்டு தலையாட்டுவம். அந்தப் பெருமையோடதான் எனக்குச் சண்டை.

எங்கட அப்பப்பான்ர மொறிஸ் மைனரில, பின்பக்க ஸ்பிரிங் பிளேட்டின் முன்முனையைப் பிடிச்சிருக்கிற போல்ற் கறள் பிடிச்சு இறுகிப்போச்சு. புஷ் மாத்தவேணும் எண்டு ஒரு கராஜில விட்டம். ஒரு பின்னேரத்துக்குள்ள அலுவல் முடிஞ்சுது. முதல்ல ஸ்பானர் வழுக்கித் தலை உருண்டது, பிறகு சுத்தியல், பிறகு கிறைண்டர். கிறைண்டர் போல்ற்றோட சேர்த்து அதைத் தாங்கிற தகட்டையும் வெட்டிப்போட்டுது. மொறிஸ் மைனர் சலூனுக்கு லொறி மாதிரித் தனிச் சட்டம் கிடையாது. உடம்புதான் சட்டம். வெட்டினது அந்த உடம்பை. வெல்டிங் வைச்சு, மேல கறுப்புப் பெயின்ற் அடிச்சு, தலையில தரக்குறி ஒண்டும் இல்லாத ஒரு போல்ற்றைப் பூட்டித் தந்தினம். அப்பிடிப் போல்ற் வீட்டு கேற்றுக்குப் பூட்டலாம். பின் அச்சைப் பிடிச்சிருக்கிற இடத்தில பூட்டினால், அது முறியிற நேரம் காருக்குள்ள ஆர் ஆர் இருப்பினம்?

தலை ஏன் உருண்டது? மொறிஸ் மைனரின் போல்ற்றுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலத் தலை 12.7 மில்லிமீற்றர். அதுக்கு 13 ஸ்பானரைப் போட்டால் 0.3 மில்லிமீற்றர் இடைவெளி. லேசாச் சுழலுற போல்ற்றில தப்பிக்கலாம். இறுகினதில மூலை போயிடும். சரியான அளவில ஆறு மூலைச் சொக்கற் ஒண்டு இருந்திருந்தால் கிறைண்டருக்கு வேலையே இருந்திருக்காது.

இரும்பு கறளாகினால் முன்னம் இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேக்கும். புரி இடுக்கெல்லாம் அதாலதான் அடைபடுது. எங்கட உப்புக்காத்துக்குச் சொல்லவும் வேணுமே. அந்த இடுக்குக்குள்ள எண்ணெய் ஊர நேரம் வேணும். வெளியில தெரியிற புரியைக் கம்பி பிறஸால துப்பரவாக்கி, எண்ணெய் விட்டு, ஒரு இரவு விடவேணும். விடிய லேசாத் தட்டி, திரும்ப விடவேணும். (சுத்தியலே கூடாது எண்டு நான் சொல்லேல்லை. தட்டுறது வேற, அடிக்கிறது வேற.) களட்டமுதல் கொஞ்சம் இறுக்கிப் பாக்கலாம், கறள் உடைய அது போதும் சில நேரம். அப்பவும் அசையாட்டி நட்டுக்குச் சூடு காட்டலாம். அது பெற்றோல் தாங்கியும் பிறேக் பைப்பும் கிட்ட இல்லாத இடத்தில, விட்ட எண்ணெயைத் துடைச்ச பிறகு.

இதை ஒரு அண்ணையிட்டச் சொல்ல, “மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஆக்கள் நாங்கள், எங்களுக்குப் படிப்பிக்காதையும் தம்பி” எண்டார். 1990 இல தடை வந்த பிறகு, கொஞ்சம் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின கதை உண்மைதான். ஆனால் அண்ணை, அந்தக் காலத்தில ஒரு போல்ற் முறிஞ்சால் மாத்திறதுக்கு வேற எங்க இருந்தது? அப்ப பொறுமையா எண்ணெய் விட்டுக் களட்டி, திரும்பப் பூட்டினது உங்கட தலைமுறைதானே. கிறைண்டரைத் தூக்கிப்போட்டு அந்தப் பேரைச் சொல்லாதையுங்கோ.

கராஜை மட்டும் திட்டிப்போட்டுப் போகவும் ஏலாது. அண்டைக்குப் பின்னேரம் நான் மூண்டு தரம் போன் எடுத்தனான், “முடிஞ்சுதா, முடிஞ்சுதா?” எண்டு. புது போல்ற்றுக்கும் வெல்டிங்குக்கும் மறுபேச்சில்லாமல் காசு குடுத்தனான். அதே பாஸ் “ரெண்டு நாள் எண்ணெயில ஊற விட்டனான்” எண்டு கூலி கேட்டிருந்தால், ‘சும்மா கிடந்த காருக்கு என்ன கூலி’ எண்டு கட்டாயம் கேட்டிருப்பன். 2020 இல வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய காருகளுக்கு எல்லாரும் விலை சொல்லத் தொடங்கினம். ஊற விட்ட ரெண்டு நாளுக்கு ஆரும் விலை சொல்லேல்லை.

இப்ப கார் வேறொருத்தரிட்ட நிக்குது. மற்றப்பக்கப் போல்ற்றும் இறுகித்தான் இருக்குதாம். திங்கட்கிழமை எண்ணெய் விட்டவர், வியாழனுக்கு முதல் வராதை எண்டவர். பில்லில அந்த நாட்களையும் எழுதச் சொல்லியிருக்கிறன்.