தெரிந்தும் சொல்லாவிட்டால்

நண்பர் ஒருவர் நம் பக்கத்து அமானுஷ்யக் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் கொண்டுவரும் முயற்சியில் இருக்கிறார். நல்ல முயற்சி. தொகுப்பின் இறுதியில் ஒரு சொற்பட்டியல் வேண்டும் என்று பதிப்பகத்தார் கேட்டிருக்கிறார்கள். மோகினி, முனி, காட்டேரி, குட்டிச்சாத்தான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் விளக்கம். சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார். வேதாளத்துக்கு எதிரே 'இந்திய வாம்பயர்' என்றிருந்தது. அந்த இரண்டு சொற்களின்மேல் எனக்கு வந்த எரிச்சலே இக்கட்டுரை.

பிழை நண்பருடையது அல்ல. 1870-இல் ரிச்சர்ட் பர்ட்டன் வேதாளக் கதைகளில் பதினொன்றைத் தன் போக்கில் விரித்தும் திரித்தும் ஆங்கிலத்தில் எழுதியபோது, நூலுக்கு 'விக்ரமும் வாம்பயரும்' என்ற பொருளில் தலைப்பிட்டார். தன் வாசகர்களுக்குத் தெரிந்த பூதம் ஒன்றின் பெயரை வைத்தால் நூல் போகும் என்று எண்ணியிருக்கலாம். 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வெளிவந்த பிறகு அச்சொல்லுக்கு ஒரு முகமும் பற்களும் வாய்த்துவிட்டன. இன்று ஆங்கிலத்தில் வேதாளத்தைத் தேடிச் செல்பவன் அந்தப் பற்களில்தான் போய் முட்டுகிறான்.

வடமொழி இலக்கியத்தில் சுடுகாட்டில் ஊன் தின்னும் வேதாளங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நமக்குக் கதை சொன்ன வேதாளம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் அது ஓர் ஆண்பிணத்துக்குள் குடியிருக்கிறது. அரசனின் தோளில் கிடந்தபடி வழிக்களைப்புத் தீரக் கதை சொல்கிறது. கதை முடிந்ததும் கேள்வி கேட்கிறது. கடிப்பதில்லை, துரத்துவதில்லை. உண்மையில் அரசன்தான் அதைத் துரத்திக்கொண்டு போகிறான்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சோமதேவரிடம் பிணம் தொங்குவது சிம்சுபா மரத்தில். வால்மீகியின் அசோகவனத்தில் சீதை அமர்ந்திருந்ததும் அனுமன் ஒளிந்திருந்ததும் அதே சாதி மரம்தான். தமிழுக்கு வரும்போது வேதாளம் முருங்கைக்குத் தாவிவிட்டது. ஓங்கி ஒரு காற்றடித்தால் முறிகிற கிளையில் ஒரு முழுப்பிணத்தைத் தொங்கவிட்ட நம் முன்னோர்களின் துணிச்சலை வியக்கிறேன். ஆனால் சுடுகாட்டிலிருந்து பிடுங்கி வீட்டுக் கொல்லைக்கு அதைக் கொண்டுவந்துவிட்டார்கள் பாருங்கள், அதில் எனக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. கொல்லையில் இருக்கிற பேய்க்குக் கோட்டையில் இருக்கிற பேயைவிட வீரியம் அதிகம்.

சில வருடங்களுக்கு முன் என் தங்கை மகனுக்கு இக்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசன் வாய் திறந்தால் பிணம் மரத்துக்கே திரும்பிவிடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துச் சிதறும். இரண்டாம் கதையிலேயே பையன் இடைமறித்தான். "மாமா, தெரியாதுன்னு சொல்லிட்டுச் சும்மா நடந்து போக வேண்டியதுதானே?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாற்பது வருடங்களாக இக்கதையை அறிந்தவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

நிபந்தனையை மறுபடி பாருங்கள். 'தெரிந்தும்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. விடை அரசனுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. அவனுடைய தலைக்கு மட்டுமே தெரியும்; வெடிக்கப்போவதும் அந்தத் தலைதான். டிராகுலாவிடமிருந்து தப்பிக்கப் பூண்டும் சிலுவையும் உண்டு. வீட்டிலிருப்பவர் அழைக்காமல் அவன் வாசல்படி தாண்ட முடியாது என்ற விதியும் உண்டு. எல்லாமே பயத்தை வெளியே நிறுத்தும் ஏற்பாடுகள். வேதாளத்துக்கு எதிராக அப்படி எதுவும் கிடையாது. தனக்குத் தெரிந்ததைத் தெரியாததாகத் தன்னிடமே நடிக்க முடியாத ஒருவன் நள்ளிரவில் மாட்டிக்கொண்ட கதை இது. நான் படித்த பேய்க்கதைகளில் இதைவிடப் பயங்கரமான விதியைக் கண்டதில்லை.

கேட்கப்படும் கேள்விகளும் எளியவையல்ல. தலை மாறிய கதையைப் பலரும் அறிவோம். தாமஸ் மன் 1940-இல் அதை ஒரு குறுநாவலாக்கினார். அந்நாவலிலிருந்தும் மூலக்கதையிலிருந்தும் கிரீஷ் கார்னாட் எழுபதுகளின் தொடக்கத்தில் 'ஹயவதன' நாடகத்துக்கான விதையை எடுத்துக்கொண்டார். இரண்டிலும் தலை மாறுவது கணவனுக்கும் நண்பனுக்கும் இடையில். சோமதேவரிடமோ கணவனுக்கும் அப்பெண்ணின் சொந்தச் சகோதரனுக்கும். கோயிலுக்குள் இருவரும் அடுத்தடுத்துத் தம் தலைகளைக் கொய்துகொள்கிறார்கள். தானும் சாகப்போனவளைத் தேவி தடுத்து, தலைகளை உடல்களோடு பொருத்தச் சொல்கிறாள். அவசரத்தில் அவள் மாற்றிப் பொருத்திவிடுகிறாள். உடல்களுக்குத் தலைவன் தலையே, கணவனின் தலை இருப்பவனே கணவன் என்று அரசன் தீர்ப்பளிக்கிறான். சட்டப்படி சரி. ஆனால் அன்றிரவு அந்தப் பெண்ணைத் தொடும் கை யாருடைய கை? இதை வேதாளம் கேட்கவில்லை. அரசனும் சொல்லவில்லை. கதை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது, பிணம் மரத்துக்குப் போய்விடுகிறது.

கடைசிக் கேள்வியில்தான் அரசன் மௌனமாகிறான். தந்தையும் மகனும் காட்டில் இரு பெண்களின் காலடித் தடங்களைக் காண்கிறார்கள். பெரிய பாதத்தாள் தந்தைக்கு, சிறிய பாதத்தாள் மகனுக்கு என்று முன்பே பேசி முடிவாகிறது. தேடிக் கண்டுபிடித்தால், பெரிய பாதம் மகளுடையது, சிறிய பாதம் தாயினுடையது. கொடுத்த வாக்குப்படி தந்தை மகளையும், மகன் தாயையும் மணக்கிறார்கள். இவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? எல்லா நியாயங்களையும் நொடியில் அவிழ்த்தவனுக்கு இதற்குச் சொல் இல்லை. தெரியவில்லை, ஆகவே தலை வெடிக்கவில்லை. அந்த மௌனத்தைக் கண்டு வேதாளம் மகிழ்கிறது.

அதற்குப் பின்னால்தான் உண்மையான அரக்கன் வெளிப்படுகிறான். பத்தாண்டுகள் தினமும் ஒரு பழத்துக்குள் இரத்தினம் வைத்துக் கொடுத்து அரசனை வசப்படுத்திய பிச்சுவே அவன். பிணத்தைக் கொண்டுவந்ததும் அரசனையே பலியிடுவது அவன் திட்டம். விழுந்து வணங்கச் சொல்வான், எப்படி என்று நீயே காட்டு என்று சொல், அவன் குனியும்போது வெட்டு என்று வேதாளம் சொல்லிக்கொடுக்கிறது. இவ்விடத்தில் எனக்கு எப்போதும் கிரிம் சகோதரர்களின் கிரேட்டல் நினைவுக்கு வருவாள். அடுப்புக்குள் நுழைவது எப்படி என்று தெரியவில்லை, நீயே காட்டு என்று சூனியக்காரியிடம் சொல்லி அவளையே உள்ளே தள்ளிவிடும் அந்தச் சிறுமி. காஷ்மீரத்து அரசவைக் கவியின் ஏட்டிலும் ஜெர்மானிய நாட்டார் கதையிலும் ஒரே உபாயம். எது எங்கிருந்து போயிற்று என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வம் குறைவு.

கிரிம்களைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். 1812-இல் வெளியான அக்கதையில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்பவள் பெற்ற தாய். 1840 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். தாய் அப்படிச் செய்ய மாட்டாள் என்று வாசகர்கள் நிம்மதியாக நம்பலாம். நம் வேதாளத்துக்கு நடந்ததும் ஏறத்தாழ இதுதான். 1947-இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் தீர்க்க முடியாதது. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடக்கும் அரசன், என் தலைமுறையின் கனவுகளில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. ஆனால் அங்கே வேதாளம் மாதாமாதம் மரமேறியது. மூலத்தின் கதைகள் தீர்ந்தபின் புதிது புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். இறுதிக் கேள்வியை நோக்கிப் போகாமல் தொடர் வருடக்கணக்கில் நீண்டது. அரசன் தோற்கும் கேள்வியும் பிச்சுவின் வாளும் பிள்ளைகளின் கண்ணுக்கு மறைந்தன. இருட்டு போய் நீதி மட்டும் நின்றது. குழந்தைகளுக்கான இதழில் அந்தக் கடைசிக் கதையை எப்படி அச்சிடுவது என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் பெரியவர்களுக்கான பதிப்புகளிலும் பலர் அதை விட்டுவிடுகிறார்களே, அதற்கு என்ன சொல்வது?

நம் சமகாலப் பேய்க்கதைகளில் என் குறை இதுதான். 'காஞ்சனா' (2011) தொடங்கி வரிசைகட்டிய திரைப்படங்களில் பேய் ஒரு மனுதாரர். இடைவேளைக்குப் பின் முன்கதை, கொடுமை, கொலை, பிறகு பழி. யார் பக்கம் நியாயம் என்பது முன்பே எழுதியாகிவிட்டது. நாம் கைதட்டினால் போதும். அநியாயமாகச் செத்தவர்களின் பேச்சுக்குப் பேய் உருவம் கொடுப்பது நம் மரபில் ஆழமானது, பழையனூர் நீலியிலிருந்து வருவது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பார்வையாளனின் தோளில் எதுவும் ஏறுவதில்லை. மாறாக 2017-இல் வந்த 'விக்ரம் வேதா'வில் பேயே கிடையாது. ஒரு ரவுடி தானாகச் சரணடைந்து, ஒரு கதை சொல்லி, போலீஸ்காரனிடம் ஒரு கேள்வி கேட்கிறான். ஒவ்வொரு விடையும் விடை சொன்னவனையே குத்துகிறது. புஷ்கர்–காயத்ரி இணையர் வேதாளத்தைச் சரியாகப் படித்திருக்கிறார்கள். மூலத்தின் பயங்கரம் பிணத்தில் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நண்பருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது ஒற்றை வரி வரவில்லை. மூன்று வரியாயிற்று. பிணத்தில் வாழ்வது, கதை சொல்லி நியாயம் கேட்பது, தெரிந்தும் சொல்லாதவனின் தலையை வெடிக்கச் செய்வது. பதிப்பகத்தார் ஒரு வரிக்கு மேல் இடம் தரமாட்டார்கள் என்று பதில் வந்தது. அப்படியானால் வாம்பயரை அடித்துவிட்டு அந்த இடத்தை வெற்றாகவே விட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.