கறிவேப்பிலைக்கு ஒரு மேசை இடம்

ஒக்டோபர் பிறந்தால் ரொறொன்ரோவில் நம்மவர் வீடுகளில் ஒரு சிறு இடப்பெயர்வு நிகழும். கோடை முழுவதும் பின்வளவில் நின்ற கறிவேப்பிலையும் மல்லிகையும் செவ்வரத்தையும் சாடிகளோடு உள்ளே தூக்கிவரப்படும். யாராவது ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். மார்ச் மாதம் பார்த்தால், தூக்கி வந்தவற்றில் பாதி வெறும் குச்சியாக நிற்கும். ‘இந்தக் குளிர் எதைத்தான் விட்டுவைத்தது’ என்று சொல்லிவிட்டு வைகாசியில் புதுக் கன்று வாங்குவோம்.

குளிரின்மேல் இந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். வீட்டுக்குள் குளிர் ஏது? டிசம்பரில் இங்கே பகற்பொழுது ஒன்பது மணித்தியாலத்துக்குச் சற்றே குறைவு. அதிலும் சூரியன் கூரைகளுக்கு மேலே எழும்பாமல் சாய்ந்தே போய்விடுகிறது. வெப்பமூட்டி இரவு பகலாக ஓடிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. வறண்ட காற்றைத் தேடி இலைகளின் அடியில் சிலந்திப்பேன் வரும், தண்டோடு செதிற்பூச்சி ஒட்டிக்கொள்ளும். இவ்வளவும் போதாதென்று, இலை உதிர்கிறதே என்ற பதைப்பில் நாம் தினமும் தண்ணீர் ஊற்றுவோம். வெளிச்சமில்லாத இடத்தில் வளராமல் நிற்கும் செடிக்கு அந்தத் தண்ணீர் எதற்கு? வேர் அழுகிவிடும். என் அம்மா விதை போட்டு முளைக்க வைத்த கறிவேப்பிலை ஒன்பது குளிர்காலங்களைத் தெற்குப் பார்த்த சன்னலொன்றில் கடந்தது. நாங்கள் வடக்குப் பார்த்த தொடர்மாடி வீட்டுக்கு மாறிய முதற் குளிர்காலத்திலேயே அது போய்விட்டது. அதே ஊர், அதே குளிர், அதே கை. சன்னல்தான் வேறு.

ஆகவே நமக்கு வேண்டியது வெப்பமண்டலக் காடு அல்ல. பத்துப் பன்னிரண்டு பாகை வெப்பமும், நல்ல வெளிச்சமும், குறைந்த தண்ணீரும் உள்ள ஓர் இடம் போதும். கறிவேப்பிலை அங்கே இலையுதிர்த்து உறங்கினாலும் உயிரோடிருக்கும். இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. வெர்சாய் அரண்மனையில் 1684க்கும் 1686க்கும் இடையில் கட்டப்பட்ட ஒறேஞ்சறி இதற்காகவே எழுந்தது. தடித்த சுவர்களும் தெற்கு நோக்கிய உயர்ந்த சன்னல்களும் கொண்ட நீண்ட மண்டபம் அது. பெட்டிகளில் வளரும் தோடை மரங்கள் ஒக்டோபரில் உள்ளே போகும், மே மாதத்தில் வெளியே வரும். தோடையும் கறிவேப்பிலையும் ஒரே தாவரக் குடும்பம். பதினான்காம் லூயியின் மரத்துக்குக் கிடைத்தது நம் வீட்டு மரத்துக்கு வேண்டாமா என்று நான் கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் ஜேர்மனியில் அது சாதாரண வியாபாரம். அலரி, எலுமிச்சை, ஒலிவ் என்று சாடியில் வளர்ப்பவற்றை இலையுதிர்காலத்தில் ஏற்றிச் சென்று, பசுமைக்குடிலில் வைத்துப் பராமரித்து, வசந்தத்தில் திருப்பித் தரும் தாவரப் பண்ணைகள் அங்கே நிறைய உண்டு. செடி அடைக்கும் இடத்தின் அளவுக்கு ஏற்பக் கட்டணம்.

நம் மாகாணத்தில் கண்ணாடிக்குப் பஞ்சமா? லீமிங்ரன் பக்கம் தக்காளிக்கும் வெள்ளரிக்கும் மிளகாய்க்கும் என்று ஆயிரக்கணக்கான ஏக்கர் பசுமைக்குடில்கள். வட அமெரிக்காவில் அவை அவ்வளவு செறிவாக உள்ள இடம் வேறில்லை. நகரின் நடுவே அலன் கார்டனில் 1910இல் திறக்கப்பட்ட பனை மண்டபம் இருக்கிறது. இந்த ஊருக்கு வந்த முதல் பெப்ரவரியில் அங்கே போய், கதவைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடியில் நீராவி படிய, ஈர மண் வாசனையை முகர்ந்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றிருக்கிறேன். ஆனால் ஒன்று விற்பனைக்கு, மற்றது பார்வைக்கு. ஒரு வீட்டுக்காரர் தன் சாடியை நான்கு மாதம் வைத்து எடுக்க ஒரு மேசை இடம் கேட்டால் யாரிடம் போவது?

சிறு நாற்றுப்பண்ணைகளிடம்தான் போகவேண்டும். இரண்டு ஆண்டுகளாக நகரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் ஏறி இறங்கிக் கேட்டு வருகிறேன். பெரும்பாலானவர்கள் தலையாட்டி மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணங்களை மதிக்கிறேன். முதலாவது எரிவாயுச் செலவு. இரண்டாவது பூச்சி: ஒருவர் வீட்டுச் செடியில் வந்த வெள்ளை ஈ ஒரு பண்ணையின் வசந்தகால நாற்று முழுவதையும் கெடுத்துவிடும். மூன்றாவதுதான் சுவாரசியமானது. பெப்ரவரி இறுதியிலிருந்து அவர்களுக்கே இடம் போதாது. பூச்செடி நாற்றுகள் ஒவ்வொரு மேசையையும் பிடித்துக்கொள்ளும். நமது செடிகளோ உறைபனி முற்றாக விலகும் மே கடைசிவரை வெளியே போகமுடியாது.

இந்த மூன்றாவது முடிச்சு அவிழ்க்கக்கூடியது. சன்னல் வெளிச்சம் நம்மைக் கைவிடுவது நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை. பண்ணையில் சாமந்தி விற்று முடிந்து, நாற்று வேலை மும்முரமாகும் முன்னான காலமும் ஏறக்குறைய அதுதான். மார்ச்சில் பகல் நீண்டபின் சாடியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் சாதாரண சன்னலே போதும். இருவருடைய நாட்காட்டியும் இவ்வளவு பொருந்தியிருக்க, நம்மில் யாரும் போய்க் கேட்காததால்தான் மேசைகள் வெறுமனே கிடக்கின்றன. எரிவாயுச் செலவைக் கட்டணமாகப் பகிரலாம். ஒரு வீடு தனியே கேட்டால் யாரும் குடிலைச் சூடாக்கமாட்டார்கள். நாற்பது வீடுகள் சேர்ந்து கேட்டால் அது கணக்கில் வரும். கோவிலுக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் கூடத் தெரிந்த நமக்கு இதற்குக் கூடத் தெரியாதா?

பூச்சி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பு இருக்கக்கூடாது. இங்கே நம்மவர் பழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ‘ஊர்க் கறிவேப்பிலையின் வாசம் இதில் இல்லை’ என்று, பயணப் பெட்டியில் ஈரத்துணி சுற்றி வேர்க்கன்று கொண்டுவருபவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை ஆசைப்பட்டவன்தான். தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சில்லிட் என்ற சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். புளோரிடாவில் 1998இல் அந்தப் பூச்சியும் 2005இல் அந்த நோயும் கண்டறியப்பட்டன. அங்குள்ள தோடைத் தோட்டங்கள் அதன்பின் எழும்பவேயில்லை. கனடாவில் தோடைத் தோட்டம் இல்லையே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வெளிநாட்டு மண் ஒட்டிய வேரைக் கொண்டுவருவது இங்கேயும் சட்டப்படி குற்றம். அப்படி வந்த ஒரு சாடி போதும், நமக்காகத் திறக்கக்கூடிய கதவு ஒரேயடியாகச் சாத்தப்பட. உள்ளூரில் முளைத்த கன்றை உள்ளூர்ப் பண்ணையிலேயே வாங்குங்கள். நம் கடைகளில் விற்பவற்றைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். செழிப்பான ஒரு மரம்போலத் தெரிவது பெரும்பாலும் ஒரே சாடியில் நெருக்கிய நாலைந்து நாற்றாகத்தான் இருக்கும். பிரித்து நட்டால் நல்லது, நாலு வீட்டுக்கும் ஆகும்.

சென்ற புரட்டாதியில் நகருக்கு வடக்கே ஒரு முதிய பண்ணைக்காரர் முழுதாக மறுக்கவில்லை. வீட்டில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தன் எலுமிச்சை ஒன்றைக் காட்டினார், இருபது வருடமாம். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார்: நவம்பர் முதல் வாரம் கொண்டுவரவேண்டும், பத்துச் சாடிக்குக் குறையக்கூடாது, ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் தானே பார்ப்பார், ஒரு செதிற்பூச்சி கண்டாலும் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். இதுவரை ஏழு வீடு சேர்ந்திருக்கிறோம். இன்னும் மூன்று சாடி வேண்டும்.