பலகை கழற்றும் நாளில் நாங்கள் எங்கே?

ஜூன் மாதம் வந்தால் இன்ஸ்ராகிராம் முழுக்க நாங்கள்தான். கடலுக்குள் நீளும் மரப்பாலத்தின் நுனியில் காலைத் தொங்கப்போட்டபடி ஒரு படம். நல்லது. அந்தப் பாலத்தை ஒக்டோபரில் யார் கழற்றுகிறார்கள்?

டென்மார்க்கில் பல குளிப்புப் பாலங்கள் கோடைக்கு மட்டுமே நிற்பவை. குளிர்காலத்தில் தூண்களைச் சுற்றிக் கடல் உறையும். நீர்மட்டம் ஏறும்போது அந்தப் பனிக்கட்டி தூண்களையும் பிடுங்கிக்கொண்டு எழும்பும். புயல் இன்னும் மோசம். 2023 ஒக்டோபர் புயலில் ஓபென்றோவில் கடல் 2 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. தென்கிழக்குக் கரைகளில் பாலங்கள் விறகாகின. அதனால்தான் நெஞ்சளவு இறப்பர் உடுப்போடு தண்ணீரில் இறங்கி, துண்டு துண்டாகக் கழற்றி, இலக்கமிட்டுக் கரையில் அடுக்குகிறார்கள். வசந்தத்தில் உக்கிய பலகையையும் துருப்பிடித்த ஆணியையும் மாற்றித் திரும்பப் பூட்டுகிறார்கள்.

"அது அவையின்ர பாலம், அங்க போகாத" என்று எங்கட வீடுகளில் சொல்வார்கள். சில வீட்டுக்காரர்களும் 'தனியார்' என்று பலகை மாட்டியிருப்பார்கள். இரண்டு பேரும் பிழை. டெனிஷ் இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி, தனியார் கடற்கரையிலும் யாரும் நடந்து போகலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 50 மீற்றருக்குள் தங்கவும் குளிக்கவும்தான் கூடாது. பாலம் நிற்கும் கடலோ எந்த வீட்டுக்காரரின் சொத்தும் இல்லை.

"காசும் எங்கட, முதுகுவலியும் எங்கட. நீங்கள் சும்மா வந்து குளிப்பீர்களா?" என்று அவர்கள் கேட்கலாம். உரிமையை அந்தக் கேள்வி பறிக்காது. ஆனால் எனக்கு அது சுடுகிறது. ஏனென்றால் பாலம் தூக்கும் நாளில் நான் ஒருநாளும் போனதில்லை.

மயிலிட்டித் துறைமுகம் 1990இலிருந்து 2017 வரை இராணுவத்தின் பிடியில் இருந்தது. அந்தச் சனம் தங்கள் கடலுக்குத் திரும்ப 27 வருடம் காத்திருந்தது. இங்கே எங்களை எந்த முள்வேலியும் தடுக்கவில்லை. கூச்சம்தான் தடுக்கிறது. அதற்கு 'மரியாதை' என்று பெயர் வைத்து எங்களை நாங்களே ஏமாற்றுகிறோம்.

ஆகவே தம்பி, தங்கச்சி, பக்கத்துப் பாலத்தைப் பராமரிப்பது யார், வேலை நாள் எப்போது என்று விசாரியுங்கள். கையுறையோடு போங்கள். ஒரு பலகையின் மறுமுனையைப் பிடியுங்கள். அடுத்த ஜூனில் அதே இடத்தில் படம் எடுங்கள். "இது ஆற்ற பாலம்?" என்று யாரும் கேட்டால், "எங்கட" என்று தயங்காமல் சொல்ல வரும்.