கரண்டு வைக்கிறதுக்கும் கண் வேணும்ல!

வயலுக்கு யூரியா போடணும்னா மண் பரிசோதனை பண்ணிட்டு வாங்கன்னு சொல்றாங்க. தண்ணி வேருக்கு மட்டும் போகட்டும்னு சொட்டுநீருக்கு மானியம் தர்றாங்க. மண்ணுக்குப் பார்க்கிற இந்தக் கணக்கை எங்க பெரியம்மா உடம்புக்கு யாரும் பார்க்கலை. அந்தக் கோபத்துலதான் இந்தப் பதிவு.

பெரியம்மாவுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். தீட்டு நின்னு பல வருஷம் கழிச்சு மறுபடி உதிரம் பட்டிருக்கு. வெட்கப்பட்டுக்கிட்டு ஆறு மாசம் யார்கிட்டயும் மூச்சு விடலை. நாத்து நடப் போய்க்கிட்டே இருந்தாங்க. கண்டுபிடிச்சப்போ ஆபரேஷன் கட்டம் தாண்டிருச்சு. அஞ்சு வாரம் வெளியிலிருந்து கரண்டு, வாரம் ஒரு கீமோ. பிறகு கர்ப்பப்பைக்குள்ளேயே குழாய் வச்சு உள் கதிர்வீச்சு. நோய் போச்சு. ஆனா ஒரு வருஷம் கழிச்சு மலத்துல ரத்தம். கதிர் மலக்குடலையும் சுட்டிருக்குன்னாங்க. "நான் செஞ்ச பாவம்டா" என்று பெரியம்மா அழுதாங்க. பாவம் எங்கே வந்துச்சு? இது பார்க்காம வச்ச அளவு.

கர்ப்பப்பைக்கு முன்னால மூத்திரப்பை, பின்னால மலக்குடல். எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு. பழைய முறையில் குழாயை வச்சுட்டு எக்ஸ்ரே எடுப்பாங்க. அதுல குழாய் தெரியும், எலும்பு தெரியும். கட்டி தெரியாது. அதனால 1938-ல் மான்செஸ்டரில் வகுத்த கணக்கு: மேலே 2 செ.மீ., பக்கவாட்டில் 2 செ.மீ., அங்கே ஒரு புள்ளி. கட்டி பெருசோ சிறுசோ, எல்லாப் பொண்ணுக்கும் அதே புள்ளிதான். களிமண்ணுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே மூட்டை உரம் மாதிரி.

புது முறையில் குழாய் உள்ளே இருக்கும்போதே எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் எடுப்பாங்க. கட்டி எவ்வளவு சுருங்கியிருக்கு, குடல் எவ்வளவு கிட்டே இருக்குன்னு திரையில வரைஞ்சு, அதுக்கேத்தபடி கதிரைக் கூட்டுவாங்க, குறைப்பாங்க. பக்கவிளைவே வராதுன்னு நான் சொல்லலை. ஆனா கண்ணைத் திறந்துக்கிட்டு செய்யற வேலை அது. 2021-ல் வெளிவந்த 'எம்ப்ரேஸ்' ஆய்வில் இப்படி எம்.ஆர்.ஐ. பார்த்து சிகிச்சை பெற்றவங்க 1,300 பேருக்கு மேல. அஞ்சு வருஷத்துக்கு அப்புறமும் நூத்துக்கு 92 பேருக்கு அந்த இடத்தில் நோய் கட்டுக்குள்ளேயே இருந்திருக்கு. வெள்ளைக்காரன் ஊர் சமாசாரம்னு தள்ளிடாதீங்க. மும்பை டாடா மருத்துவமனையும் அதுல சேர்ந்த இடம்தான்.

"பழைய முறையிலயும் பிழைச்சாங்களே"ம்பாங்க. பிழைச்சாங்க, மறுக்கலை. ஏரும் உழுதுச்சு, அதுக்காக டிராக்டர் வேண்டாம்னா சொன்னோம்?

"செலவாகும்"ம்பாங்க. கதிர் வைக்கிற மெஷின் அதேதான். ஸ்கேன் மெஷினும் பெரிய ஆஸ்பத்திரிகள்ல இருக்கு. கூடுதலா வேணும்கிறது ஸ்கேனுக்குள்ள வைக்கத் தோதான குழாய், கணக்குப் போட சாஃப்ட்வேர், பயிற்சி எடுத்த டாக்டரும் கதிர்வீச்சு இயற்பியலாளரும், அந்த நோயாளிக்கு ஸ்கேன்ல ஒதுக்கின நேரம். இதெல்லாம் மலையைப் புரட்டற வேலையா?

இன்னொண்ணு. மொத்த சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள்ள முடியணும். தள்ளிப்போனா நோய் திரும்ப வர்ற வாய்ப்பு கூடும். உள் கதிர்வீச்சுக்கு மட்டும் வேற ஊருக்குப் போன்னு சீட்டெழுதிக் கொடுத்தா, கூலிக்குப் போற பொம்பளை பஸ் காசுக்கும் துணைக்கும் எங்கே போவா? பாதியில நிறுத்திட்டு வீட்டுக்குத்தான் வருவா. அதனால இந்த வசதி பக்கத்துலயே வரணும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்க ஆஸ்பத்திரியில பழைய முறைதான் இருக்குன்னா சிகிச்சையை விட்டுடாதீங்க. உள் கதிர்வீச்சு இல்லாம வைத்தியம் முழுமையாகாது. ஆனா டாக்டர்கிட்ட, "குழாய் வச்ச பிறகு ஸ்கேன் எடுப்பீங்களா?"ன்னு தயங்காம கேளுங்க.

அடுத்த கிராம சபையில ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் கீழே இதையும் ஒரு தீர்மானமா எழுதச் சொல்லப்போறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவன் வீட்லயும் ஒரு அம்மா இருப்பா.