பல்வாங்கர் பாலூ போட்ட கையெழுத்து

குரும்பலூர் பேரூராட்சி அடங்கிய பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி, தனித் தொகுதி. அங்கே பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிட முடியும். வாக்களிப்பதோ எல்லாச் சாதியாரும். இந்த ஏற்பாடு, 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தின் வழிவந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அம்பேத்கரைத் தெரியும். நம்மவர்களான இராஜாஜி, எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசனையும் தெரியும். அதே பட்டியலில் 'பி. பாலூ' என்று இன்னொரு பெயர் உண்டு. அவர் வக்கீல் இல்லை, கட்சித் தலைவரும் இல்லை. இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர்.

பல்வாங்கர் பாலூ 1876-இல் தார்வாட்டில், தோல் தொழில் செய்த சமார் சாதியில் பிறந்தவர். புணேயில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் மைதானத்தைப் பெருக்கி உருளை தள்ளும் வேலை, மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளையர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். அங்கே ஜே.ஜி. கிரெய்க் என்ற ஆங்கிலேய மட்டையாளருக்குப் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசியதில் அவருடைய இடக்கைச் சுழல் கூர்மை ஏறியது. ஆனால், மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. பந்து வீசுவது உழைப்பு, மட்டை பிடிப்பது கௌரவம் என்பது அக்காலத்துக் கணக்கு. நம் ஊர் மைதானங்களில் அந்தக் கணக்கு முழுசாகத் தீர்ந்துவிட்டதா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வெள்ளையர்களை வெல்ல ஆசைப்பட்ட புணே இந்துக்களுக்குப் பாலூ தேவைப்பட்டார். அணியில் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே தனியாக, மண் குவளையில் தேநீர். 1906-இல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியபோது எட்டு விக்கெட் அவருடையது. 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றுக்கொண்டிருந்தது. பாலூ மட்டும் 114 விக்கெட் எடுத்துத் திரும்பினார். இளைஞரான அம்பேத்கருக்கு அன்று அவர் நாயகன்.

இவ்வளவுக்கும் பிறகு இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு வரவே இல்லை. 1920-இல் அந்தப் பொறுப்பு அவரைவிட மிக இளையவரான தேவ்தருக்குப் போனபோது, அதே அணியில் ஆடிய தம்பிகள் சிவராமும் விட்டலும் விலகிக்கொண்டார்கள். அணி நிர்வாகம் அசைந்து கொடுத்தது. அடுத்த ஆட்டத்தில் பாலூ துணைத் தலைவர். 1923-இல் விட்டலே தலைவராகி, ஐரோப்பியரை வென்று காட்டினார். பாலூவின் அரசியல் வாழ்க்கையை அவர் நின்ற தேர்தல்களிலிருந்து எழுதத் தொடங்குகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் குடும்பம் அரசியலில் பெற்ற ஒரே தெளிவான வெற்றி இதுதான் என்பேன். அதை வாங்கித் தந்தது மனு அல்ல, விலகல்.

இந்த அனுபவம்தான் 1932-இல் அவர் எடுத்த நிலைக்கு வேர். ஒடுக்கப்பட்டோர் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே, தனி வாக்காளர் தொகுதிகளில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார் அம்பேத்கர். பொது வாக்காளர்கள், ஒதுக்கப்பட்ட இடங்கள் என்றது எம்.சி. ராஜா, இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் செய்த உடன்பாடு. பாலூ ராஜாவின் பக்கம் நின்றார். காங்கிரஸின் கைப்பாவை என்று அவரைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால், மண் குவளையில் தொடங்கி, தம்பி அணித்தலைவர் ஆனது வரை கண்ணால் கண்டவர் அவர். ஒரே அணிக்குள் இருந்துகொண்டே இடம் பிடிக்கலாம் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கையில் ஓர் ஓட்டை இருந்தது. இந்து அணி பாலூவைச் சேர்த்துக்கொண்டது அவருடைய பந்துக்காக. பந்து வீசத் தெரியாத கோடிக்கணக்கானோரை எந்த அணி, எதற்காகச் சேர்த்துக்கொள்ளும்? அம்பேத்கரின் கவலை அவர்களைப் பற்றியது. தனி வாக்காளர் தொகுதிகளை எதிர்த்துக் காந்தி இருந்த உண்ணாவிரதத்துக்கு இடையே பேச்சு முடிந்தபோது, ஆங்கில அரசு தருவதாகச் சொன்ன 71 தனி இடங்கள் 148 ஒதுக்கப்பட்ட இடங்களாயின. சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை கூடியது. தேர்ந்தெடுக்கும் கை மாறியது.

1933-இல் பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் இந்து மகாசபை வேட்பாளராக நின்று பாலூ தோற்றார். துணைக்கண்டமே அறிந்த ஆட்டக்காரருக்கு ஒரு வார்டு கிடைக்கவில்லை. 1937-இல் மாகாணச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் அவரை நிறுத்திய இடம் அம்பேத்கருக்கு எதிரே. அம்பேத்கர் 13,245, பாலூ 11,225. ஒரு காலத்தில் தன்னை வியந்து பார்த்த இளைஞனிடம், அறுபது வயதில், வேறொருவர் கணக்குக்காகத் தோற்ற தோல்வி.

1952 மக்களவைத் தேர்தலில் அதே உத்தி பலித்தது. வட பம்பாய் தொகுதியில் காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கரிடம் அம்பேத்கர் தோற்றார். பொது வாக்காளர்கள் வாக்களிக்கும் ஒதுக்கப்பட்ட இடத்தில், ஒடுக்கப்பட்டோரின் தலைவரை அவர்களிலிருந்தே ஒருவரைக் கொண்டு பெரிய கட்சி வீழ்த்த முடியும் என்று அவர் அஞ்சியது அவருக்கே நேர்ந்தது. பாலூ 1955-இலும் அம்பேத்கர் 1956-இலும் மறைந்தார்கள்.

பூனா ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு சிறு தடுப்பு இருந்தது. ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டும் முதலில் நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைத்தான் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். குடியரசின் அரசியல் சட்டத்தில் அந்த முதற்கட்டம் இல்லை. இன்று பெரம்பலூரில் அந்த நால்வரைப் பொறுக்கும் வேலையைக் கட்சித் தலைமைகள் செய்கின்றன. உள்ளாட்சி ஒதுக்கீட்டு வார்டுகளிலும் ஏறக்குறைய இதே கதை. 2011-க்குப் பிறகு 2022-இல்தான் தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் கட்சியின் தயவு இல்லாமல் வார்டில் பெயர் எடுக்க, கபடியோ கிரிக்கெட்டோ ஆடும் ஓர் இளைஞனுக்குப் பதவி என்ற வாசலே திறந்திருக்கவில்லை. அவனுக்குச் சீட்டு கிடைக்கும்போதும், யாரைத் தோற்கடிக்க அவன் தேவைப்படுகிறான் என்ற கேள்வியோடுதான் அது வருகிறது. பாலூ 1937-இல் வாங்கிய 11,225 ஓட்டில் அவருடைய விரல்களுக்கு விழுந்தது எவ்வளவு, காங்கிரஸுக்கு விழுந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த வாக்குப் பெட்டிக்கும் வழியில்லை.