சிறுவயதுத் தொற்றும் நரம்பைத் தாக்கும் எம்.எஸ். நோயும்: பெற்றோர் அஞ்ச வேண்டுமா?

இருபது, முப்பது வயதில் நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது. சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. பிறகொரு நாள் கால் மரத்துப் போகிறது, நடை தள்ளாடுகிறது. மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்பு இழைகளின் மேலுறையை உடலின் எதிர்ப்பு சக்தியே அழிப்பதால் வரும் நோய் இது. பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உலகில் 28 லட்சம் பேருக்கு மேல் இந்நோயால் பாதிக்கப்பட்டுள்ளனர். ஆண்களை விடப் பெண்களே அதிகம்.

இந்நோயின் வேர் இளவயதுத் தொற்றில் இருக்கலாம் என்ற சந்தேகம் பழையது. அதற்கு வலுவான ஆதாரம் 2022 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட்டோ அஷெரியோ குழுவினர் ஆராய்ந்தனர். சேமித்து வைத்த ரத்த மாதிரிகள் கிடைத்த எம்.எஸ். நோயாளிகள் 801 பேர். அவர்களில் 35 பேருக்குத் தொடக்கத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று இல்லை. அந்த 35 பேரில் ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் எம்.எஸ். வரும் முன்பே அந்தத் தொற்று வந்திருந்தது. இந்த வைரஸ் தொற்றியவர்களுக்கு எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு கூடியது. வேறு வைரஸ்களிடம் இப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை.

அப்படியானால் தொற்று வந்த எல்லோரும் பயப்பட வேண்டுமா? வேண்டாம். உலகில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமப்பவர்கள்தான். அவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. மரபணு, வைட்டமின் டி குறைவு, புகைப்பழக்கம் போன்றவையும் சேர வேண்டும். வைரஸ் பொறி மட்டுமே, விறகு வேறு.

தொற்று எந்த வயதில் வருகிறது என்பதும் முக்கியம். மழலைப் பருவத்தில் வந்தால் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. பதின்ம வயதில் வந்தால் தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டுதல், வாரக்கணக்கில் அசதி எனச் சுரப்பிக் காய்ச்சலாக மாறலாம். அந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. இதை வைத்து, குழந்தைகளுக்கு வேண்டுமென்றே நோயை வரவழைப்பதோ தடுப்பூசியை நிறுத்துவதோ பெரும் தவறு. தட்டம்மையும் நிமோனியாவும் இன்றும் குழந்தைகளின் உயிரைப் பறிக்கின்றன.

இதில் பிரான்சின் அனுபவம் ஒரு பாடம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியால் எம்.எஸ். வருகிறது என்ற அச்சம் பரவியதால், 1998ல் அந்நாட்டு அரசு பள்ளிகளில் அத்தடுப்பூசி போடுவதை நிறுத்தியது. 2001ல் அமெரிக்கச் செவிலியர்களிடையே நடந்த பெரிய ஆய்வு அப்படித் தொடர்பு ஏதும் இல்லை என்று கண்டது. அந்த ஆய்வை நடத்தியவரும் இதே அஷெரியோதான். தடுப்பூசியைக் குற்றமற்றதாகக் கண்ட அதே விஞ்ஞானிதான் வைரஸைக் குற்றவாளியாகக் காட்டினார். ஆனாலும் பிரான்சில் பரவிய அச்சம் எளிதில் விலகவில்லை.

எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. 2022 முதல் மனிதர்களிடம் சோதனைகள் நடக்கின்றன. அவை வெற்றி பெற்றால், எம்.எஸ். வருமுன் காக்கக்கூடிய நோயாக மாறலாம். அதுவரை பெற்றோர் செய்ய வேண்டியது எளிது: இருக்கும் தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். வீட்டில் யாருக்கேனும் பார்வை மங்கலோ மரத்துப் போதலோ வந்து தானாகச் சரியானாலும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பிள்ளைக்கு எப்போதோ வந்த காய்ச்சலை நினைத்து உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.