டிரெய்லர் கொக்கியின் உயரத்தைக் கவனியுங்கள்

கரும்போ நெல்லோ ஏற்றுமுன் டிரெய்லரின் டயரையும் பலகையையும் பார்க்கிறோம். கொக்கியின் உயரத்தைப் பார்ப்பவர் சிலரே. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கொக்கி டிராக்டரின் பின் அச்சுக்கு மேலே இருந்தால், வயலிலிருந்து மேட்டில் ஏறும்போது பாரம் பின்னுக்கு இழுக்கும், முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். இரண்டே விநாடியில் டிராக்டர் மல்லாந்துவிடும். குதித்துத் தப்ப நேரமிராது.

ஆகவே பின் அச்சுக்குக் கீழேயுள்ள இழுவைக் கொக்கியில்தான் டிரெய்லரை மாட்ட வேண்டும். சமதரையில் டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும். உயரம் ஒத்துவராவிட்டால் பட்டறையில் டிரெய்லரின் ஏர்க்காலைச் சரிசெய்வதே முறை. டிராக்டரின் கொக்கியை மேலேற்றுவது முறையல்ல. வாடகை டிராக்டரானாலும் இதைப் பார்த்த பிறகே பாரம் ஏற்றுங்கள். பட்டறைக் கூலியை மிச்சம்பிடித்து ஓட்டுபவரின் உயிரைப் பணயம் வைக்கலாகாது.